மகள் சைக்காலஜி படிக்க வேண்டும் என்கிறாள்

'இது டாக்டர் படிப்பா, இல்லையா?' என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர், மருத்துவப் படிப்பை முடித்து அதற்கு மேல் மனநலத்தில் பயிற்சி எடுத்தவர். உளவியலாளர், அதாவது சைக்காலஜி படித்தவர், வேறு வழியாக வருகிறவர். பேச்சு, மதிப்பீட்டுச் சோதனைகள், உளசிகிச்சை ஆகியவைதான் அவருடைய கருவிகள்.

சரி, மகளிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கணக்கு என்றால் ஓடுவாளா? கனவு, ஆழ்மனம் என்று ஆசையோடு வருகிற பிள்ளைகள் முதல் வருடத்திலேயே புள்ளியியலில் முட்டிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய முதல் உளவியல் ஆய்வகத்திலேயே, மனிதர்கள் எத்தனை வேகத்தில் எதிர்வினை காட்டுகிறார்கள் என்றுதான் அளந்துகொண்டிருந்தார்கள். அளப்பது இந்தத் துறைக்குக் கூடப் பிறந்த குணம். அளந்ததையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தெளிவாக மீண்டும் தேறியது. எந்த முடிவை நம்பலாம் என்று பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் இந்தப் பட்டத்தின் உண்மையான லாபம் என்பேன்.

அடுத்து, கிளினிக்கல், அதாவது மனநலச் சிக்கல்களை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் உளவியல். பட்டப்படிப்பு முடிந்த கையோடு போர்டு மாட்டிவிட முடியாது. அதற்கு மேல் முதுகலை, பல நாடுகளில் முனைவர் பட்டம்கூட வேண்டும். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நீண்ட பயிற்சி, அப்புறம்தான் உரிமம். 'தோழிகள் எல்லாம் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்' என்று என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். நல்ல குணம்தான், ஆனால் போதாது. ஒரே நாளில் ஐந்து பேரின் துயரத்தைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து அறிக்கையும் எழுத வேண்டும். வேலையும் மனச்சோர்வு சிகிச்சையோடு முடிவதில்லை. 1896-இல் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கியபோது அவரிடம் முதலில் வந்தவன், எழுத்துக்கூட்டல் வராமல் திணறிய ஒரு பையன்.

கிளினிக்கல் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று பலர் நினைக்கும் பணியிட உளவியலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய சிலர், தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்பக்கத் தகட்டை, மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானிகளின் கவனக்குறைவு என்று விட்டிருக்கலாம். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கையே வித்தியாசத்தைக் கண்டுகொண்டது. இன்று ஒரு செயலியில் பயனர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு பக்கம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட நன்றாகக் கணிக்கும். பணிச்சோர்வு, பயிற்சி வடிவமைப்பு என்று வேறு வேலைகளும் உண்டு. முதுகலை இருந்தால் நல்லது.

கல்லூரியின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஆய்வு முறைகளுக்கு எத்தனை தாள்கள், மாணவர்களே தரவு சேகரித்துச் செய்யும் புராஜெக்ட் உண்டா, கிளினிக்கல்தான் குறி என்றால் உரிமம் தரும் அமைப்பு அந்தப் படிப்பை ஏற்கிறதா? மகளையே பக்கத்தில் உட்காரவைத்து, புள்ளியியல் பக்கத்தை முதலில் திறந்து காட்டுங்கள். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.