பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களில் இருப்பவர் பிரபு என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

முகத்தை விட்டுவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களை அருங்காட்சியகத் தளங்களில் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. நான் முதலில் பார்ப்பது படத்தின் அடிப்பகுதியைத்தான்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியையும் அவருடைய அமைச்சர்களையும் செதுக்கிய ரொபேர் நாந்தேயின் படங்களையே எடுத்துக்கொள்வோம். நீள்வட்டச் சட்டத்துக்குள் மார்பளவு உருவம். பல படங்களில் சட்டத்தைச் சுற்றிப் பெயரும் பதவிகளும் ஓடும். கீழே குலச்சின்னம். அதன் தலையில் இருக்கும் கிரீடத்தைப் பாருங்கள், பிரபுப் பட்டத்தின் படிநிலையை அது சொல்லிவிடும். மேலிருந்து கீழாக: இலைகள் மட்டும் என்றால் டியூக், இலையும் முத்தும் மாறி மாறி வந்தால் மார்க்கி, வெறும் முத்துவரிசை என்றால் கவுண்ட். (அப்படியே நம்பிவிடவும் கூடாது. தகுதிக்கு மீறிய கிரீடத்தைப் போட்டுக்கொண்டவர்கள் பிரான்சில் ஏராளம்.) சின்னத்துக்குப் பின்னால் இரண்டு கோல்கள் குறுக்காக இருந்தால் ஆள் மார்ஷல், அதாவது உயர்மட்டப் படைத்தலைவர்.

சரி, கறுப்பு மையில் சின்னத்தின் நிறத்தை எப்படிக் காட்டுவது? நிறம் மாறினால் அது வேறு குடும்பத்தின் சின்னமாகிவிடுமே! அதற்கும் வழி வைத்திருந்தார்கள். செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் தங்கம், ஒன்றுமே இல்லாவிட்டால் வெள்ளி, இரண்டு கோடும் பின்னிக் கிடந்தால் கறுப்பு. பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1638இல் வெளியிட்ட நூல் வழியே பரவிய முறை இது. இது தெரிந்தபின் அந்தப் படங்கள் எனக்குக் கறுப்பு வெள்ளையாகவே தெரிவதில்லை.

உடை, கவசம், லேஸ் எல்லாம் உண்டுதான். ஆனால் போருக்கே போகாதவரும் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பார், அதனால் அதை நான் பெரிய சாட்சியாக எடுப்பதில்லை.

முகத்தை விடச் சொன்னதற்குக் காரணம் பியேர் லொம்பார் செதுக்கிய ஒரு தகடு. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர் குதிரைமேல் வருவதாக வான் டைக் தீட்டிய ஓவியத்தின் அமைப்பை எடுத்து, அந்த மன்னரின் பரம எதிரி கிராம்வெல்லை அதில் உட்காரவைத்தார். செம்பில் செதுக்கியதைச் சுரண்டி, பின்னாலிருந்து தட்டிச் சமன்செய்து, மறுபடி செதுக்க முடியும். அதனால் அதே தகட்டில் ஒரு கட்டத்தில் பதினான்காம் லூயியின் தலை வந்தது, இன்னொரு கட்டத்தில் சார்லஸ் தலை. நடுவே தலையே இல்லாமல் எடுத்த பிரதிகளும் இருக்கின்றன. எந்தத் தலை வந்தாலும் அந்தக் குதிரையும் கம்பீரமும் பொருந்திப் போயின.