காணிப் பத்திரங்களைக் கடைக்காரரின் கணக்கிலிருந்து அனுப்பலாமா?

கேள்வி: நான் முள்ளியவளையில் வசிக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். அவருடைய காணி அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், அடையாள அட்டை, மரணச் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கான் பிரதிகளையும் அந்தியேட்டி வீடியோவையும் கனடாவிலுள்ள அண்ணாவுக்கு அனுப்ப வேண்டும். பத்திரங்கள் நான்கும் சேர்ந்து 400 மெகாபைட் வருகின்றன. வீடியோ 4 ஜிகாபைட். மின்னஞ்சலில் போகவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பியபோது நில அளவைப் படத்தின் இலக்கங்களை வாசிக்க முடியவில்லை என்று அண்ணா சொல்கிறார். ஸ்கான் செய்த கடைக்காரர், எல்லாவற்றையும் தன்னிடம் விட்டுவிட்டுப் போனால் தன்னுடைய கணக்கிலிருந்து பாதுகாப்பாக அனுப்பித் தருவதாகச் சொல்லி 3,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? என்னிடம் இருப்பது அண்ட்ரொய்ட் கைபேசி மட்டுமே.

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. நீங்கள் கேட்கும் வேலை முழுவதையும் உங்கள் கைபேசியிலிருந்தே, டேட்டாவுக்கு ஆகும் செலவைத் தவிர வேறெந்தச் செலவும் இல்லாமல் செய்துவிடலாம். பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், இறந்தவரின் அடையாள அட்டை, மரணச் சான்றிதழ் ஆகிய நான்கும் ஒரே உறையில் கிடைத்தால், போலிப் பத்திரம் தயாரிக்க நினைப்பவருக்கு அதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் காணிகளும், உரிமையாளர் இறந்து பெயர் மாற்றப்படாமல் இருக்கும் காணிகளும் வன்னியில் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கணினியில் நாளை யார் உட்காருவார் என்பதை அவராலேயே சொல்ல முடியாது.

முதலில் அந்த 400 மெகாபைட்டைப் பார்ப்போம். நான்கு பத்திரங்களுக்கு இந்த அளவு வரவே கூடாது. ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நுணுக்கத்தில், நிறத்தில், சுருக்காமல் சேமித்தால் அது ஏறத்தாழ 100 மெகாபைட் வரும்; உங்கள் கடையில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். அதே பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் ஓரிரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்; முத்திரையும் கையொப்பமும் தெளிவாகவே இருக்கும். இதற்கு நீங்கள் மறுபடியும் கடைக்குப் போகத் தேவையில்லை. கைபேசியிலுள்ள கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கான் செய்யும் வசதி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாத இடத்தில் பத்திரத்தை விரித்து வைத்து, அந்த வசதியால் எடுத்தால் அது ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கிப் பிடிஎஃப் ஆகத் தரும். சாதாரண கமராவால் சாய்வாகப் படம் எடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நில அளவைப் படம் மட்டும் பெரிய தாளில் இருந்தால் அதை முழுமையாக ஒரு தடவையும், எல்லை அளவுகள் எழுதப்பட்ட பகுதிகளைக் கிட்டவாகத் தனித்தனியேயும் எடுங்கள்.

மின்னஞ்சல் உங்களைக் கைவிட்டதற்குக் காரணம் எளிது. ஜிமெயில் இணைப்பாக 25 மெகாபைட் வரைதான் அனுப்பும். அனுப்பும்போது கோப்பு உள்ளுக்குள் மாற்றி எழுதப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால் நடைமுறையில் அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. வட்ஸ்அப்பில் நடந்தது வேறு. படமாக அனுப்பினால் அது டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காகப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. சிறிய இலக்கங்கள் கரைந்துபோவது அதனால்தான். அதே கோப்பை, இணைக்கும் குறியைத் தொட்டு, புகைப்படம் என்பதற்குப் பதிலாக ஆவணம் என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே போய்ச் சேரும். 2022 முதல் வட்ஸ்அப் ஒரு கோப்புக்கு 2 ஜிகாபைட் வரை இடமளிக்கிறது. எனவே ஸ்கான் செய்த பத்திரங்களை உங்கள் தமையனாரின் இலக்கத்துக்கு நேரடியாக, ஆவணமாக அனுப்புவதே உங்களுக்கு மிக எளிய வழி. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் வாசிக்க முடியாதபடி வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் மறையாக்கம் செய்யப்படுகின்றன. குடும்பக் குழுவில் மட்டும் போட வேண்டாம். அதிலுள்ள ஒவ்வொருவருடைய கைபேசியிலும் அது தங்கும். பெறாமக்கள் விளையாடும் கைபேசியும் அவற்றுள் ஒன்றாக இருக்கும்.

இனி, இடையில் நிற்பவர்களைப் பற்றி. கோப்பு இணையத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திருடப்படும் என்றே எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அரிதாக நடப்பது. கோப்பு புறப்படும் மேசையிலும் போய்ச் சேரும் மேசையிலும்தான் அது களவு போகிறது. ஏ-9 வீதியோரத்திலும் உள்ளூர்ச் சந்திகளிலும் உள்ள போட்டோகொப்பிக் கடைகளின் கணினித் திரையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: முதல் நாள் வந்தவரின் அடையாள அட்டை, அதற்கு முதல் நாள் வந்தவரின் கடவுச்சீட்டு, யாரோ ஒரு பிள்ளையின் பெறுபேற்றுச் சான்றிதழ், எல்லாம் பெயரோடு திறந்தே கிடக்கும். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. அழிப்பதற்கு எவரும் நேரம் ஒதுக்குவதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது உண்மை. அந்தக் கடை மேசை வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

உங்கள் பத்திரங்கள் ஏற்கெனவே அங்கே ஸ்கான் செய்யப்பட்டிருப்பதால், நாளைக்கே போய், உங்கள் கண்முன்னே அவற்றை அழிக்கச் சொல்லுங்கள். கோப்புறையில் அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். வட்ஸ்அப்பில் அந்தக் கடைக்கு அனுப்பியிருந்தால் தரவிறக்கக் கோப்புறையையும் பார்க்க வேண்டும். இதைக் கேட்பது அவமரியாதை அல்ல. ஐந்து நிமிட வேலை.

கடையில் அச்செடுப்பதற்காக எப்போதாவது உங்கள் வட்ஸ்அப்பை அவர்களுடைய கணினியில் திறந்திருக்கிறீர்களா? அப்படியானால் இப்போதே கைபேசியில் வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் வெளியேறாமல் வந்திருந்தால், கைபேசி உங்கள் பையில் அணைந்து கிடந்தாலும் அந்தக் கணினியில் உங்கள் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். தெரியாத சாதனம் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. நம்மூர்களில் பெரியவர்களுக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள் அல்லது வெளிநாட்டு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் முகவர்கள். அவர்கள் கணக்கைத் திறக்கும்போது கடவுச்சொல்லைத் தாங்களே வைத்து, அதை ஒரு துண்டில் எழுதித் தருகிறார்கள். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கமாகத் தங்களுடைய இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதன் பொருள், அவர்கள் நினைத்த நேரத்தில் உங்கள் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போகலாம், நீங்கள் வெளியே நிற்பீர்கள் என்பதுதான். உங்கள் கைபேசியில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில் மீட்புத் தொலைபேசி இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். உங்களுடையவையாக இல்லாவிட்டால் மாற்றுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே பகுதியில் எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும், உங்களுடையதல்லாத அனைத்தையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்து முடிக்காமல் கீழே நான் சொல்லப்போகும் எதையும் தொடங்க வேண்டாம்.

வீடியோவுக்கு வருவோம். 4 ஜிகாபைட் கோப்பு ஒன்றை வட்ஸ்அப் ஏற்காது. அதற்குக் கூகுள் டிரைவ் போதும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டை உங்கள் மின்னஞ்சலும் கூகுள் போட்டோஸும் சேர்ந்தே பங்குபோடுகின்றன என்பதால், எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இடம் நிரம்பிவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். பிறகு வீடியோவை டிரைவ் செயலியில் ஏற்றுங்கள். மணிக்கணக்காக அது அசையாமல் நின்றால் பயப்பட வேண்டாம்: வை-ஃபையில் மட்டும் கோப்புகளை அனுப்புமாறு அந்தச் செயலியில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை நீக்கினால் கைபேசி டேட்டாவிலும் ஏறும். ஏறி முடிந்ததும் பகிர் என்பதைத் தொட்டு, தமையனாரின் ஜிமெயில் முகவரியை எழுதி, பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற தெரிவு எளிதாகத் தோன்றும். அந்த இணைப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

சிலர் அந்தியேட்டி வீடியோவை யூடியூப்பில் பட்டியலிடப்படாத நிலையில், அதாவது இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் நிலையில், போட்டு உறவினர்களுக்கு இணைப்பை அனுப்புகிறார்கள். இணைப்பு பிறரிடம் போனாலும் கவலையில்லை என்றால் வீடியோவுக்கு மட்டும் அது பரவாயில்லை, தரம் சற்றுக் குறையும் என்பதைத் தவிர.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்பீர்கள். ஏற்றும் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் என்றால் 4 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ நான்கரை மணித்தியாலம். தரவிறக்கும் வேகத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏற்றும் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. முள்ளியவளையிலிருந்து ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு என்று உள்ளே போகப் போக அந்த வேகம் என்ன ஆகிறது என்பதை அங்கே இருப்பவர்களே அறிவார்கள். உங்கள் டேட்டாப் பொதியில் இரவுக்கென்று தனியாக ஒதுக்கீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கைபேசியை மின்னேற்றியில் போட்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் யன்னலோரத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். இடையில் தொடர்பு அறுந்தாலும் செயலி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னும் ஒரு படி பாதுகாப்பு வேண்டுமென்றால், அடையாள அட்டையையும் அனுமதிப்பத்திரத்தையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பலாம். அண்ட்ரொய்டில் ஸெட்ஆர்க்கைவர், கணினியில் 7-ஸிப் ஆகிய இலவசச் செயலிகள் இதைச் செய்யும். தமையனாரிடமும் அவற்றுள் ஒன்று இருக்க வேண்டும். கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுதி அனுப்புவது திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிடுவதாகும். தொலைபேசியில் பேசும்போது வாயால் சொல்லுங்கள். அப்பாவின் பிறந்த ஆண்டையோ தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். அவை அந்தப் பத்திரங்களிலேயே இருக்கின்றன.

ஆனால் இந்தப் பூட்டைப் போடக்கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் விண்ணப்பங்கள் தவறிப்போகின்றன. அலுவலகம், தூதரகம், வங்கி, சட்டத்தரணியின் நிறுவனம் போன்ற இடங்களுக்கு மின்னஞ்சலில் பூட்டிய கோப்பை அனுப்பினால், அங்குள்ள மின்னஞ்சல் அமைப்பு உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாததால் அதைச் சந்தேகித்து நிறுத்திவிடக்கூடும். பல வேளைகளில் அப்படி நிறுத்தியதாக உங்களுக்கு எந்த அறிவித்தலும் வராது. நீங்கள் அனுப்பிவிட்டதாக நினைத்திருப்பீர்கள், அவர்கள் கிடைக்கவில்லை என்பார்கள், இறுதித் திகதி போய்விடும். எனவே உங்கள் தமையனார் இந்தப் பத்திரங்களை அங்குள்ள சட்டத்தரணிக்கு அனுப்பப்போகிறார் என்றால், பூட்டைக் கழற்றிய பிடிஎஃப் கோப்பையே, அந்த நிறுவனம் சொல்லும் வழியில் அனுப்ப வேண்டும். அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கோப்பு ஏற்றும் பக்கம் இருந்தால் அதில் ஏற்றட்டும். இல்லாவிட்டால் டிரைவில் அந்த நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கட்டும். எதை அனுப்பினாலும் கிடைத்ததா என்று தொலைபேசியில் கேட்டு, கிடைத்தது என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்முடைய அலுவலகங்களின் நிலையும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்கான் பிரதியை அதிகாரியின் சொந்த ஜிமெயிலுக்கோ சொந்த வட்ஸ்அப்புக்கோ அனுப்பச் சொல்கிறார்கள். அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது உங்கள் பத்திரமும் அவருடைய கைபேசியோடு போகிறது. புதிதாக வந்தவர் மறுபடியும் கேட்கிறார். கடைசியில் மூலப் பிரதியோடு நேரில் வரச் சொல்கிறார்கள். 2009 இல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்போடு கட்டிக் கொண்டுவந்த பத்திரங்களை வைத்திருக்கும் குடும்பங்களிடம் இப்படி நடந்துகொள்ளக் கூடாது. கோப்பைப் பாதுகாப்பாகப் பெற்று, பெற்றதற்கு ஓர் இலக்கம் கொடுக்கும் பக்கம் ஒன்றைச் செய்வது இன்று கடினமான வேலை அல்ல. அது வரும் வரைக்கும், சொந்த இலக்கத்துக்கு அனுப்பச் சொன்னால் அலுவலகத்தின் உத்தியோகபூர்வ முகவரியைக் கேளுங்கள். தயங்கினால் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

அண்ணா எல்லாவற்றையும் தரவிறக்கி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்து, நில அளவைப் படத்தின் எல்லை இலக்கங்களை உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகு, டிரைவில் அவருக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். அதன் பின் ஒரு பென்ட்ரைவை வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரதி செய்து வையுங்கள். 4 ஜிகாபைட்டைத் தாண்டும் வீடியோவைப் பழைய முறையில் அமைக்கப்பட்ட பென்ட்ரைவ் ஏற்காது. எனவே வாங்கும்போதே அதை எக்ஸ்ஃபெட் என்ற புதிய முறையில் அமைத்துத் தரும்படி கேளுங்கள். அதை உங்கள் பத்திரங்கள் அதில் ஏறுவதற்கு முன்னரே செய்விக்க வேண்டும்.