மூன்றரை வயதுப் பிள்ளைக்குச் செயல்பாட்டு ஃபைல் வீட்டிலேயே செய்யலாமா, கடையில் வாங்குவதா?

உங்கள் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. மகனுக்கு இன்னும் பென்சில் பிடிக்க வரவில்லை என்று முன்பள்ளியில் சொன்னதாகவும், கடையில் விற்கும் செயல்பாட்டு ஃபைல் (படங்களை ஒட்டி, எடுத்து, பொருத்திப் பிள்ளை விளையாடிப் பழகும் பக்கங்கள்) வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றும், நீங்களே செய்தால் எத்தனை பக்கம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வேலைக்குப் போகும் தாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தாராளமாகச் செய்யலாம். கடையில் வாங்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பக்கங்களை அப்படியே அச்செடுத்து அடுக்கவும் வேண்டாம். அந்த இரண்டாவது வேலையைச் செய்து காசை வீணாக்கியவள் நான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியை இல்லை. முன்பள்ளி டிப்ளோமா எதுவும் படிக்கவில்லை. பள்ளியில் உயர்தரம் வரை படித்துவிட்டு, இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். குடியிருப்பது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில். 'இவளுக்கு என்ன தெரியும்' என்று யாராவது கீழே எழுதலாம். எழுதட்டும். என் ஒரு பிள்ளையிடம் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

2022இல் என் மகளுக்கு மூன்றரை வயது. அதுவரை காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பிள்ளைக்காம்பராதான். அந்த ஆண்டுதான் ஆசைப்பட்டு டவுனில் ஒரு முன்பள்ளியில் சேர்த்தோம். இரண்டு மாதம் கழித்து என்னை வரச்சொன்னார்கள். மற்ற அம்மாமார் நாலைந்து பேர் நின்றுகொண்டிருக்கும்போதே டீச்சர் சொன்னார்: "எல்லாப் பிள்ளைகளும் 'அ' எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளைக்குப் பென்சிலே பிடிக்கத் தெரியவில்லை. லயத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா?"

பென்சில் பிடிக்க வரவில்லை என்றது எனக்கு வலிக்கவில்லை. லயத்தில் ஆள் இல்லையா என்று கேட்டதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது. அன்று பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ரோசத்தில்தான் ஃபைல் செய்ய ஆரம்பித்தேன். போனில் தேடி அழகான பக்கங்களாகப் பதினைந்து எடுத்தேன். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த காலம் அது, உங்களுக்கு நினைவிருக்கும். கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் மார்ச் மாதத் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அச்செடுத்துக் கொடுக்கும் கொம்யூனிகேஷன் கடையில் ஒரு கலர் பக்கத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் பதினைந்தை ஐந்தாகக் குறைத்தேன். அந்த ஐந்தையும் அச்செடுத்து லேமினேட் செய்யக் கொடுத்தது என் அரைநாள் சம்பளத்துக்கு மேல். எங்கள் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் முதல் பக்கத்தில் பனிமனிதன். இரண்டாவதில் பனிக்கட்டி வீடு. மூன்றாவதில் பண்ணை, அதில் வான்கோழி. மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு "இது என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பொருத்திப் பார்க்கிற வேலைக்கு வரவேயில்லை. தெரியாத பொருளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதிலேயே அவளுடைய பத்து நிமிடப் பொறுமை முடிந்துவிட்டது. தெரியாததைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான், கதை சொல்லும்போது தெரிந்துகொள்ளட்டும். எண்ணவும் பிரிக்கவும் பழகுகிற பக்கத்தில் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு புதுசு மூன்று வயதுக்கு அதிகம்.

அப்புறம் மழை வந்தது. மே கடைசியிலிருந்து எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடுப்பே மூன்று நாளைக்குக் காயாது. படங்களை ஒட்டியெடுக்க வைத்திருந்த, பசையோடு வரும் வெல்க்ரோப் பொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. லேமினேட் செய்த அட்டைகளின் ஓரம் பிரிந்து உள்ளே கறுப்புப் புள்ளி விழுந்தது. அந்தத் தவறு எங்கே நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. முழுப் பக்கத்தையும் லேமினேட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு படங்களைக் கடதாசி ஓரத்தோடு ஒட்ட வெட்டியிருந்தேன். அப்படி வெட்டினால் இரண்டு பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொள்ள ஓரமே இருக்காது, ஈரம் நேராகக் கடதாசிக்குள் போகும். முதலில் படங்களைத் தனித்தனியாக வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கி லேமினேட் செய்து, படத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மட்டும் நிற்கும்படி மறுபடி வெட்ட வேண்டும். மூலைகளை உருட்டி வெட்டுங்கள், கூராக விட்டால் கன்னத்தைக் கிழிக்கும்.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கடதாசியையே விட்டேன். அம்மாயியின் பழைய கம்பளி ஒன்று பெட்டியில் கிடந்தது. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மலைக்கு, அதாவது கொழுந்து எடுக்க, போன கம்பளி. வெட்ட மனம் வரவில்லை. அம்மாயியிடமே கேட்டேன். "பிள்ளைக்குத்தானே, வெட்டு" என்றார். கடதாசி அளவுக்குத் துண்டு போட்டு ஓரம் மடித்துத் தைத்தேன். அதில்தான் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். வெல்க்ரோவில் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் பஞ்சு அல்லவா? ரோமம் உள்ள கம்பளியில் கொக்கிப் பக்கம் தானாகவே பிடித்துக்கொள்கிறது. பஞ்சுப் பக்கமே வேண்டாம், பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். தையல் சாமான் கடைகளில் பசை இல்லாத வெல்க்ரோ நாடா யார் (கஜம்) கணக்கில் கிடைக்கும், அதை வாங்கித் துணித் துண்டுகளின் பின்னால் தைத்துவிடுங்கள். தைத்தது எந்த மழைக்கும் கழலவில்லை. அழுக்கானால் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் சரி. உங்கள் கம்பளி வழவழவென்று இருந்தால் கடையிலேயே நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி முதல் பக்கத்தைப் பற்றி. இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பென்சில் பிடிக்கிற வேலை உண்மையில் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்குமான வேலை, நடுவிரல் கீழே தாங்கும். ஒருநாள் தேயிலைச் செடி நிறையில் (வரிசையில்) நின்று கொழுந்து கிள்ளும்போது என் விரல்களையே பார்த்தேன். அதே இரண்டு விரல். அதே பிடி. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை கிள்ளுகிறோம், இதைவிட நன்றாக விரல் வேலை தெரிந்தவர்கள் யார்? லயத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா என்று கேட்டார்களே! அன்று மாலையே பச்சைத் துணியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருபது கொழுந்து வெட்டினேன். முற்றின இலை பத்து, கரும்பச்சையில். கம்பளிப் பக்கத்தில் ஒரு தேயிலைச் செடியைத் தைத்து, கீழே கூடை போல ஒரு பை. கொழுந்தை மட்டும் இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக் கூடையில் போட வேண்டும், முற்றின இலையை விட்டுவிட வேண்டும். பிரித்தறிவது, எண்ணுவது, விரல் பழகுவது மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. வெல்க்ரோ இழுத்துப் பிடிப்பதால் விரலுக்குப் பலமும் வந்தது.

இதைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் கேட்டார்: "இவளையும் மலைக்கு அனுப்பப் போறியா? விளையாட்டிலயும் கொழுந்தா?" உங்களில் சிலருக்கும் அப்படித் தோன்றும். எனக்கும் இரண்டு நாள் உறக்கம் வரவில்லை, பக்கத்தைக் கழற்றிக்கூட வைத்தேன். அப்புறம் யோசித்தேன். மகள் மலைக்குப் போகக் கூடாது என்றுதான் இந்தப் பாடுபடுகிறேன். அதற்காக என் கை வேலையை அவளிடம் மறைக்க வேண்டுமா? அம்மாவின் வேலை புத்தகத்தில் வரத் தகுதியில்லாதது என்று மூன்று வயதிலேயே அவளுக்குப் படிந்துவிட்டால் அதை யார் திருத்துவது? பக்கத்தை மறுபடி கோர்த்தேன். இதில் யார் என்ன சொன்னாலும் என் எண்ணம் மாறாது.

மற்றப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் லயத்தில் ஆறு வீடு. ஆறு கதவு தைத்து ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, ஒவ்வொரு கதவையும் திறந்தால் அந்த வீட்டு ஆளின் படம் தெரிகிற மாதிரி வைத்தேன். அதில் எண்ணைவிட, யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்பதைத்தான் அதிகம் விளையாடினாள். கேரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட் நான்கையும் அவற்றின் நிழல் வடிவத்தோடு பொருத்துவது ஒன்று. பதுளைக்குப் போகும் ரயில் பெட்டிகளை நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு என்று வரிசை மாறாமல் கோர்ப்பது ஒன்று. காலையில் கதவைத் திறந்து பார்த்து மூடுபனியா, மழையா, வெயிலா என்று ஒட்டுவது ஒன்று. பழைய ஸ்வெட்டரின் ஜிப்பும் பொத்தான்களும் ஒரு பக்கம்.

எழுத்துக்கு 'அ'வில் தொடங்காதீர்கள். வளைவும் சுழியுமாகப் பெரியவர்களுக்கே அழகாக வராத எழுத்து அது. ட, ப என்று கோடுகளில் தொடங்குங்கள். தச்சர்கள் மரம் தேய்க்கும் அரத்தாளில் அந்த எழுத்துகளை வெட்டி ஒட்டினால் பிள்ளை விரலால் தடவித் தடவி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இது என் யோசனை இல்லை. நம் ஊரில் எந்த முன்பள்ளியையும் மொன்டிசோரி என்றே சொல்கிறோம் அல்லவா? அந்த மரியா மொன்டிசோரி 1907இல் ரோமில் பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் தொடங்கியவர். அரத்தாள் எழுத்தும், பொத்தான் போட்டுப் பழகும் சட்டகமும் அவர் முறையில் வந்தவைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானல் மலையில் கொஞ்சகாலம் தங்கி வேலை செய்திருக்கிறார். துணி, பொத்தான் எல்லாம் கைக்குழந்தைக்கு உரியவை, மூன்றரை வயதுக்குக் கொப்பிதான் வேண்டும் என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பி கொடுத்து அடித்து எழுத வைப்பது எப்படிச் சரியாகும்? ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. அதுவரை நேரம் இருக்கிறது.

வெல்க்ரோ பற்றி எழுதியதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். டவுன் கடையில் நாடா முடிந்த சமயத்தில் ஒன்லைனில் வரவழைத்தேன். என் வீட்டுக்கு என்று ஒரு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். எங்களுக்கு வருவது எல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். பொதி வந்து பதினேழு நாள் அங்கே கிடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நாடாதானே என்று விடலாம். ஆனால் என் தம்பிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதமும் இப்படித்தான் கிடந்தது, அவன் கையில் கிடைத்தபோது தேதி முடிந்துவிட்டது. தோட்டத்து ஆட்களுக்குச் சொந்தக் காணி, தனி வீடு என்று எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள். எனக்குக் கதவில் ஒரு எண்ணும் அந்த எண்ணுக்கு வரும் கடிதமும் போதும். மகள் அவளுடைய துணி லயத்தின் கதவுகளில் எண்ணைத் தொட்டுத் தொட்டுப் படித்தபோது எனக்கு இதுதான் நெஞ்சை அடைத்தது.

சரி, எத்தனை பக்கம் என்று கேட்டீர்கள். மொத்தம் எட்டு செய்தேன், ஒரு நேரத்தில் மூன்றுதான் கையில் கொடுத்தேன். பத்து நாளுக்கு ஒருமுறை ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைக் கோர்ப்பேன். ரிங் ஃபைலில் துணி நிற்காது, ஓட்டையைச் சுற்றித் தைத்துப் பழைய சப்பாத்து நாடாவில் கட்டினேன். மலையிலிருந்து வந்து, கால் கழுவி, தேநீர் குடித்த பிறகு கால்மணி நேரம் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்காருவோம். அந்த வருடம் கரண்ட் இருக்காத மாலைகள்தான் அதிகம், விளக்கு வெளிச்சத்திலும் செய்திருக்கிறோம். பிள்ளை தவறாக ஒட்டினால் நான் திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று ஒட்டுவேன், பார்த்துத் தானே மாற்றிக்கொள்வாள். அம்மா உட்காராமல் ஃபைலை மட்டும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிடும்.

நான்கு மாதம் ஆனது. ஒருநாள் நான் கேட்காமலே அடுப்புக்கரித் துண்டை மூன்று விரலில் பிடித்து இஸ்தோப்புச் சுவரில் 'ட' போட்டாள். சுவரை இன்றுவரை அந்த இடத்தில் வெள்ளையடிக்கவில்லை. ஃபைலால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வயதும் ஏறியிருந்தது. ஆனால் அந்த விரல் பிடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. தையலோ, பூக்கட்டுவதோ, மரக்கறி பொறுக்குவதோ, எதுவாக இருந்தாலும் அதில் கிள்ளுவது, கோர்ப்பது, முறுக்குவது கட்டாயம் இருக்கும். அதை முதல் பக்கமாக வையுங்கள். நான்கு சென்டிமீட்டரைவிடச் சிறிய துண்டு எதையும் வெட்டாதீர்கள், மகன் வாயில் போடுவான். பொத்தானை இரட்டை நூலில் தையுங்கள். பழைய ஜிப்பை வெட்டி எடுத்தால் வெட்டிய முனையைத் தைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழுப்பான் கழன்று கையோடு வந்துவிடும்.