பிச்சாவரம் போக கிரெடிட் கார்டைத் தேய்க்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். கணவருக்கு மாதச் சம்பளம் 42,000 ரூபாய். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் படகில் போகவேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர். ஒரே நாளில் போய்வர வேனுக்கு மட்டும் 9,500 கேட்கிறார்கள். கார்டில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். அதில் ஏற்கெனவே 22,000 பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறோம். தபால் ஆபீஸில் மாதம் 2,000 ஆர்.டி., விடாமல் 14 தவணை கட்டியாகிவிட்டது. அதை எடுத்துவிடலாமா?

பதில்: பயணம் அவசியம் போங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கார்டில் வேண்டாம்.

பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகத் தேய்த்தால், வட்டியில்லாத அந்த 45 நாள் சலுகை கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.5% என்று வைத்தால், இப்போதுள்ள 22,000-க்கே 770 ரூபாய் வட்டி. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 900-ஐத் தாண்டுகிறது. நீங்கள் ஐந்து பேரும் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து சிதம்பரம் போகிற டிக்கெட் காசைவிட இது அதிகம். மாதாமாதம் போகிறது!

ஆர்.டி.யை இப்போது முடிக்க முடியாது. தபால் ஆபீஸில் மூன்று வருடம் ஆகவேண்டும். ஆனால் 12 தவணை கட்டியிருப்பதால், கணக்கில் உள்ளதில் பாதிவரை கடன் தருவார்கள். உங்களுக்கு 14,000 கிடைக்கும். ஆர்.டி. வட்டியைவிட 2% கூடுதல், அவ்வளவுதான், 6.7% ஆர்.டி. என்றால் வருடத்துக்கு 8.7%. அந்தப் பணத்தை வாங்கி அப்படியே கார்டில் கட்டுங்கள். அந்த 14,000-க்குக் கார்டில் மாதம் 578 ரூபாய் போய்க்கொண்டிருந்தது, இனி 100 ரூபாய்தான். மிச்சமாகும் பணத்தையும் சேர்த்து மீதி 8,000-ஐ சீக்கிரம் அடையுங்கள். அதுவரை கார்டைத் தொடாதீர்கள். ஆர்.டி. தவணையையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். வேனை விடுங்கள். காலையில் எழும்பூரிலிருந்து ரயில், சாயங்காலம் திரும்ப கிளாம்பாக்கம் பஸ். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் 15 கிலோமீட்டர் சுமார். ஆட்டோவில் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள். படகுத்துறையில் மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் குறுகலான சந்துகளுக்குள் நுழையும். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் வேர்களைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்ப்பார்கள். காசும் குறைவு. மாமியார் உட்பட எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டபிறகே படகு கிளம்பட்டும். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டால் எல்லாம் 5,000-க்குள் முடியும்.

மாதம் 1,700 வீதம் மூன்று மாதம் தனியாக எடுத்துவையுங்கள். மழைக்காலம் ஓய்ந்து ஜனவரியில் போகலாம். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், படகுக்கு வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.