சிசெராவின் தாய்

கேள்வி: யூதர்களுக்கும் தனியாகப் புத்தாண்டு உண்டாமே? நள்ளிரவில் வேட்டுச் சத்தம், கொண்டாட்டம் எல்லாம் உண்டா?
- வாசகர், தென்காசி

பதில்: சத்தம் உண்டு, வேட்டு கிடையாது. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுகிறார்கள். ஷோஃபார் என்று பெயர்.

இங்கே என் பழைய வழக்கைத் தூசி தட்டி எடுக்கிறேன். தமிழ் விவிலியம் இந்த நாளின் ஒலியை ‘எக்காளச் சத்தம்’ என்கிறது. எக்காளம் உலோகம், ஊர்வலத்தில் பளபளப்பது. ‘கொம்பு’ என்று வைத்திருக்கலாமே என்று முன்பு எழுதியபோது, “கொம்பு வாத்தியமும் இன்று உலோகம்தானே” என்று ஒரு தமிழாசிரியர் மறுத்தார். இருக்கட்டும். சொன்னவுடன் ஆடு நினைவுக்கு வருகிறதல்லவா? ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியானது புதரில் கொம்பு சிக்கிய கடா. இரண்டாம் நாள் வழிபாட்டில் அந்தக் கதையைத்தான் வாசிக்கிறார்கள்.

எப்படி ஊதுவது? யூதர்களின் வேதமான தோரா ‘தெரூவா’ என்று மட்டும் சொன்னது. அரமேய மொழிபெயர்ப்பு அதை அழுகை என்றது. யாருடைய அழுகை? சிசெராவின் தாயுடையது என்றார்கள் ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள். சிசெரா இஸ்ரவேலரை ஒடுக்கிய கானானியப் படைத்தலைவன். யாகேல் என்ற பெண் கூடார முளையை அவன் நெற்றிப்பொட்டில் அடித்துக் கொன்றாள். அது தெரியாத தாய், ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னலில் நின்று புலம்புகிறாள்.

அந்தப் புலம்பல் நீண்ட முனகலா, விட்டுவிட்டு வரும் விம்மலா? ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தால்முதில் இதற்கு ஒரு விவாதமே நடக்கிறது. செசரியா நகரின் ரபி அபாகு இரண்டையும் ஊதச் சொல்லிவிட்டார். இன்றும் மூன்று முனகல், ஒன்பது விம்மல். நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். பல சபைகளில் ஒரு நாளைக்கு 100 ஒலிகள்.

எதிரியின் தாய் ஐயா அவள்! இஸ்ரவேலரின் தலைவியான தெபோராளின் வெற்றிப் பாட்டு அவளை ஏளனம் செய்கிறது. அவளுடைய அழுகையை இழை இழையாக அளந்து தங்கள் ஆண்டின் வாசலில் வைத்தார்களே, அந்த மனத்தை நான் கும்பிடுகிறேன்.

மற்றவை சுருக்கமாக: இந்தப் புத்தாண்டின் பெயர் ரோஷ் ஹஷானா, ஆண்டின் தலை என்று பொருள். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, யூத நாள்காட்டியின் திஷ்ரி மாதத்தின் முதல் இரண்டு நாள்கள். ஆப்பிளைத் தேனில் தோய்த்து உண்பார்கள். அன்று மனிதருக்கு இறைவன் எழுதும் தீர்ப்பு, பத்தாம் நாளான யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில் முத்திரையிடப்படும் என்பது நம்பிக்கை. சக மனிதருக்குச் செய்த தவறுக்கு, அதற்குள் அந்த மனிதரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நள்ளிரவு கிடையாது, பொழுது சாய்ந்ததும் நாள் பிறந்துவிடும். முதல் நாள் சனிக்கிழமையாக அமைந்தால், மரபு வழுவாத சபைகளில் அன்று கொம்பும் ஊதுவதில்லை. ஓய்வுநாள்.