தியோங் பாருவில் வீடு பார்க்கலாமா?

சிங்கப்பூரில் ஊட்ரம் பக்கத்து மருத்துவமனையில் வேலை கிடைத்திருப்பதாகவும், மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவரப் போவதாகவும், எல்லாரும் புகழும் தியோங் பாருவில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், தம்பி. நாங்கள் அங்கே மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். நல்ல வட்டாரந்தான், ஆனால் பழைய வீடா, புதிய வீடா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் படங்களில் பார்த்திருப்பது பழைய பகுதி. பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அரசு வீடமைப்பு அமைப்பு 1936 முதல் கட்டிய, கப்பலின் பக்கவாட்டைப் போல மூலை வளைந்த வெள்ளைக் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன; அவற்றில் 20 கட்டடங்களை 2003இல் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். உயரம் குறைவு, மரநிழல் அதிகம், மாலையில் தெருவே அமைதியாகிவிடும். ஆனால் அந்தப் பழைய வீடுகளுக்கு மின்தூக்கி கிடையாது. நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. தூங்கும் குழந்தை ஒரு தோளில், அரிசிப் பை மறு கையில், தள்ளுவண்டியோ கீழே மழையில் நனைந்துகொண்டிருக்கும். வளைந்த முகப்பின் அழகெல்லாம் அப்போது கண்ணில் படுவதில்லை.

எங்களை அங்கே கட்டிப்போட்டது சந்தைதான். கீழே காய்கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தை, மாடியில் உணவங்காடி. இப்போதுள்ள கட்டடம் 2006இல் திறந்தது. காலை ஏழு மணிக்குப் போனால் ஈரத் தரையில் வழுக்காமல் நடக்கப் பழகுவீர்கள், மீன்காரம்மா உங்கள் குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்வார். திங்கட்கிழமைகளில் மீன்கடைகள் பலவும் மூடியிருக்கும். கறிவேப்பிலை, இட்லி அரிசி, பூச்சரம் ஆகியவற்றை ஒரே நடையில் வாங்க லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். தியோங் பாருவுக்கு அடுத்த நிலையமான ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினால் அங்கிருந்து நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா. பழைய பகுதியிலிருந்து தியோங் பாரு ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. நண்பகல் வெயிலில் அது இருபதாகத் தோன்றும்.

கைக்குழந்தையோடு வருவதால், அருகில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய உயரமான அடுக்குமாடிகளை முதலில் பாருங்கள். சந்தையும் பூங்காவும் அதே நடைதூரத்தில்தான் இருக்கும், மின்தூக்கியும் உண்டு. வீவக வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தம் செல்லாது. அதோடு, மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீட்டை வாடகைக்கு எடுக்க வட்டாரத்திலுள்ள வீவக வீடுகளில் 8 விழுக்காடு, ஒரு கட்டடத்திலுள்ள வீடுகளில் 11 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது; அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை வீட்டு முகவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு பகலில் காப்பிக் கடைகளைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும் நேரத்தில் வீடு பார்க்கப் போகாதீர்கள். வேலைநாள் இரவு ஏழு மணிக்குப் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டே படியேறிப் பாருங்கள்.