அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை ஏன் இன்னும் கைவிடவில்லை?

மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 மணியாக்கி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். இதுதான் பகலொளி சேமிப்பு நேரம். ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் இதில் சேர்வதில்லை.

மாற்றுவதை நிறுத்தலாம் என்பதில் பெரிய சண்டை இல்லை. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் இழுபறி. கோடை நேரத்தையே நிலையாக்கினால், ஜனவரியில் டெட்ராய்ட்டில் சூரியன் உதிக்கவே காலை 9 மணி ஆகிவிடும். குளிர்கால நேரத்தை நிலையாக்கினால், ஜூனில் பாஸ்டனில் 4 மணி தாண்டியதும் விடிந்துவிடும். கட்டையான போர்வை மாதிரிதான்: தலையை மூடினால் கால் வெளியே. முதல் வழியை 1974 ஜனவரியில் முயன்றும் பார்த்தார்கள். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போக நேர்ந்ததில் எதிர்ப்பு கிளம்பி, அந்த அக்டோபரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். 2022இல் மேலவையான செனட் கோடை நேரத்தை நிலையாக்கும் சட்டத்தை மறுபடி நிறைவேற்றியது, கீழவை எடுத்துக்கொள்ளவில்லை.

குளிர்கால நேரமே மேல் என்பேன், உடலின் கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம் என்பதால். அதில் நிலைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு இன்றே சட்டம் இடம் தருகிறது. கோடை நேரத்தில் நிலைக்கத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும்.

விவசாயிகளுக்காக வந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். 1918இல் போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காக வந்தது அது, மறு ஆண்டே அதை நீக்கவைத்ததில் விவசாயிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.